நானுஓயா வேனுக்கு ஒரு பக்கம்

கொழும்பிலிருந்து வரும் ரயில் நானுஓயாவில் நிற்பதற்கு முன்பே, அதில் வரும் வெளிநாட்டுக்காரர்களின் பெயர்கள் பிளாட்பாரத்துக்கு வந்துவிடும். கொழும்பில் இருந்த ஒரு பெரிய சுற்றுலாக் கம்பனியின் ஆட்கள் வெள்ளை அட்டைகளில் பெயர்களை எழுதி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பையும் பெட்டியுமாக இறங்குகிறவர் தன் பெயரைக் கண்டதும் சிரிப்பார். அதற்குப் பிறகு ஸ்டேசன் வாசலில் நிற்கும் வேன்காரர்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். என் கணவர் அந்த வாசலில் நின்றவர்களில் ஒருவர்.

அவர் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தொண்ணூறுகள் முழுக்க நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டினார். கோவாவும் லீக்சும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு போவார். வழியிலிருந்த சோதனைச் சாவடிகளில் எல்லாம் இறங்கி அடையாள அட்டையைக் காட்டவேண்டும். தமிழ்ப் பேரைப் பார்த்ததும் சில நாட்களில் மூட்டைகளையெல்லாம் இறக்கச் சொல்வார்கள். கல்யாணமான மறுவருடம் லொறியை விட்டுவிட்டு ஒரு பழைய ஜப்பான் வேனை வாங்கினார். அப்போது வடக்கில் சண்டை நின்றிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மலைநாட்டுக்கு நிறைய வரத் தொடங்கியிருந்தார்கள். நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்குப் போகிறவர்களை ஏற்றினாலே போதும் என்றுதான் கணக்குப் போட்டோம். அவர்கள் எல்லோரும் புறப்படுவதற்கு முன்பே அந்தக் கம்பனியிடம் பேசி முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் தலவாக்கலையில் ஸ்டேசனுக்குக் கிட்ட ஒரு கொமினிகேசன் கடையில் வேலை பார்த்தேன். வெளியூருக்கு டெலிபோன் பேசவும், போட்டோ கொப்பி எடுக்கவும், விண்ணப்பம் டைப் அடிக்கவும் ஆட்கள் வருவார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு முதலாளி இன்டர்நெட்டும் எடுத்தார். டெலிபோன் வயரிலேயே வந்த இன்டர்நெட் அது. யாராவது அந்த நேரத்தில் கோல் எடுத்தால் அறுந்துபோகும்.

ஒரு மழை நாளில் ஒல்லாந்துப் பெண் ஒருத்தி ஹட்டன் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஈமெயில் பார்க்க வந்தாள். பஸ் வரவில்லை. பேச்சுக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் உயர்தரம் வரை படித்த இங்கிலீஷ்தான், ஆனாலும் அவளுக்கும் அது தாய்மொழி இல்லை என்பதால் எங்களுக்குள் கூச்சமில்லை. வேன் வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். இலங்கைக்கு வருவதற்கு முன் ஊரில் உட்கார்ந்து நானுஓயாவிலிருந்து வேன் இருக்கிறதா என்று தேடியதாகவும், அந்த ஒரு கம்பனியைத் தவிர வேறு எதுவும் வரவில்லை என்றும் அவள் சொன்னாள். உங்களைப் போன்றவர்கள் இருக்கிறீர்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். பிறகு இரண்டு விஷயங்களைக் காட்டிவிட்டுப் போனாள். ஒன்று, ஒரு சதமும் கொடுக்காமல் யாரும் இன்டர்நெட்டில் சொந்தமாகப் பக்கம் போட்டுக்கொள்ளக்கூடிய ஓர் இடம். மேலே வேறு யாருடையவோ விளம்பரம் ஓடும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, பயணம் போகிறவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் ஒரு தளம்.

பக்கம் போடுவது ஒரு வாரத்து வேலையாக இருந்தது. காலையில் கடைக்கு ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன் எனக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும். டெலிபோன் செலவைப் பாராமல் முதலாளி அனுமதி கொடுத்தார். கடைக்கு வருகிறவர்களின் கடிதங்களை நான் சும்மா இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பேன், அதற்கு ஈடாக என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

என் இங்கிலீஷைத் திருத்த ஒரு டீச்சர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அறை எடுத்துத் தங்கிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தார். நான் எழுதிக் கொடுத்ததை அவர் ஒரு மாலையில் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தி, பச்சைக் கம்பளம், சொர்க்கம், மறக்க முடியாத அனுபவம் என்றெல்லாம் சேர்த்துக் கொண்டுவந்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கம்பனியின் பக்கத்தில் ஏறக்குறைய அதே சொற்கள் இருந்தன. நான் என்னுடையதையே மறுபடி எழுதினேன். வேன் பன்னிரண்டு வருடம் பழசு. ஏசி கிடையாது, நுவரெலியாவில் அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை. டிரைவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், கேள்வியை மெதுவாகக் கேட்கவும். மூடுபனி இருந்தால் எதுவும் தெரியாது, அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

டீச்சருக்கு அது பிடிக்கவில்லை.

"வேன் பழசெண்டு நீங்களே எழுதினா ஆர் வருவினம்?" என்றார்.

"வந்து பாக்கிறப்ப தெரியத்தானே போகுது டீச்சர். முன்னுக்கே சொல்லிட்டா அவங்களுக்கு கோவம் வராது."

அவர் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திவிட்டுப் பேனாவை மூடினார்.

இரண்டு மாதம் ஒரு ஈமெயிலும் வரவில்லை. யாரும் தேடிக் கண்டுபிடிக்காத ஒரு பக்கத்தை எழுதி வைத்திருந்தேன். என் கணவர் ஆரம்பத்தில் தினமும் கேட்டார், பிறகு வாரத்துக்கு ஒருமுறை கேட்டார், பிறகு கேட்பதை விட்டார். நான் அந்தக் கேள்வி பதில் தளத்துக்குப் போனேன். இலங்கையைப் பற்றிய கேள்விகள் நிறைய இருந்தன. கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் எவ்வளவு நேரம், எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காரவேண்டும், ஓகஸ்டில் குளிருமா, ரயிலில் சாப்பாடு விற்பார்களா. வெளிநாட்டில் இருந்துகொண்டு பதில் சொன்னவர்கள் சுமாராகச் சொல்லியிருந்தார்கள். ரயில் எங்கள் கடைக்கு எதிரே நின்று போகும். எந்தப் பெட்டியில் ஜன்னல் திறக்காது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். நான் பதில் எழுதத் தொடங்கினேன். வேனைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பெயருக்குக் கீழே மட்டும் எங்கள் பக்கத்தின் முகவரியைப் போட்டேன்.

மூன்றாவது வாரம் ஓர் ஈமெயில் வந்தது. வயதான கணவனும் மனைவியும், இந்த நாளில் இந்த ரயிலில் வருகிறோம், வேன் வருமா என்று கேட்டிருந்தார்கள். அதைக் கொப்பி எடுத்துக்கொண்டுபோய் என் கணவரிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தார். அன்றைக்குப் பிளாட்பாரத்தில் அவரும் ஓர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார். பிஸ்கட் பெட்டியைக் கிழித்து நான் எழுதிக் கொடுத்த அட்டை. அதை மடித்து வேனின் முன் தட்டில் வெகுநாள் வைத்திருந்தார்.

அந்த வருடக் கடைசிக்குள் வாரத்துக்கு மூன்று நான்கு ஈமெயில் என்றாகிவிட்டது. ஒரே நாளில் இரண்டு வந்தால் வாசலில் நிற்கும் மற்ற வேன்காரர் ஒருவருக்குக் கொடுத்தோம். கம்பனியின் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்டால் தானாக ஒரு நன்றிக் கடிதம் மட்டும் போகும், இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் எழுதுவார் என்று வேனில் வந்த ஒருவர் சொன்னார். நான் மறுநாள் காலை எழுதிவிடுவேன். எங்களிடம் அதற்கு மேல் பெரிய வித்தை எதுவும் இல்லை.

அதன்பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

என் அம்மா அப்போதும் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில், அதே ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருந்தார். அந்த வயதான தம்பதியைத் திரும்பிக் கூட்டிப் போகிற வழியில் என் கணவர் அங்கே நிறுத்த, அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருந்தார். அவர்கள் ஊருக்குப் போய் அந்தத் தளத்தில், பெரிய ஹோட்டல்களில் கிடைக்காத ஒன்று கிடைத்தது, ஒரு கொழுந்து எடுக்கும் அம்மாவின் வீட்டில் தேநீர் குடித்தோம் என்று எழுதினார்கள். உடனே இரண்டு பேர், நாங்களும் அங்கே போகலாமா என்று கேட்டார்கள். கம்பனி அவர்களை பெக்டரிக்குக் கூட்டிப்போகும், கண்ணாடி அறையில் உட்கார்த்தி விதவிதமாகத் தேயிலை ருசி பார்க்கக் கொடுக்கும். எங்களிடம் அது இல்லை. எங்களிடம் அம்மா இருந்தார்.

நான் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். நான் பிறந்த வீட்டைப் பார்க்கலாம், என் அம்மா உங்களுக்குத் தேநீர் தருவார். அம்மா அடுப்பு ஊதும்போது தங்கச்சி எப்போதோ எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதை ஸ்கேன் பண்ணி மேலே போட்டேன். புகையும் வெளிச்சமுமாக அது மிக நன்றாக வந்திருந்தது. விருந்தாட்கள் வந்தால் தேத்தண்ணி கொடுப்பீங்களா என்று அம்மாவிடம் கேட்டேன். கொடுப்பேன் என்றார். அவ்வளவுதான் நான் கேட்டது.

பக்கத்தில் எழுதியவற்றில் அந்த வரிக்குத்தான் அதிகம் பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் லயத்து வாசல் வரை போகும். அம்மா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு நிற்பார். வந்தவர்கள் மரியாதையானவர்கள்தான். செருப்பைக் கழற்றுவார்கள், இனிப்புக் கொண்டுவருவார்கள். ஆனால் அவர்கள் வந்தது பார்ப்பதற்கு. பத்தடிக்குப் பத்தடி அறையில் பார்க்க என்ன இருக்கும், எல்லாவற்றையும் பார்த்தார்கள். கூரையின் ஓட்டையைப் பார்த்தார்கள். கொடியில் கிடந்த துணியைப் பார்த்தார்கள். பொது பீலியில் தண்ணி பிடிக்க வரிசையில் நின்ற பெண்களைப் படம் பிடித்தார்கள்.

ஒரு ஞாயிறு ஆறு பேர் வந்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். ஆறு பேரும் உள்ளே போனதும் அம்மாவுக்கு நிற்க இடமில்லாமல் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார். லயத்தின் முன்பக்கத்து அந்தச் சின்ன விறாந்தையில் சுவரோடு ஒட்டி நின்றார். உள்ளே ஒரு பெண் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, மத்தியானத்துக்கு இதுதானா சாப்பாடு என்று என்னிடம் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பையைத் திறந்து எதையோ எடுக்கப் போனாள், நான் வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மூடியைத் தூக்கியதை வாசலிலிருந்து பார்த்துவிட்டார்.

அடுத்த வாரம் நான் தனியாகப் போனபோதுதான் அம்மா சொன்னார். அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் நிற்கும்போது கங்காணி, ஒங்க காம்பரா மியூசியமாப் போச்சாமே, எங்களுக்கு எப்ப டிக்கெட் என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பக்கத்துக் காம்பராக்காரி, பீலியில் நிற்கும்போது தன் மகளைப் படம் பிடித்ததற்காக அம்மாவோடு ஒரு வாரமாகப் பேசவில்லை.

நான் பக்கத்தின் கொப்பி ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று காட்டத்தான் கொண்டுபோயிருந்தேன். அம்மா அதை வாங்கிக் கதவண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத எத்தன பேரு பாத்திருப்பாங்க?"

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா?"

"யாரு வேணும்னாலும் பாக்கலாம். எந்த நாட்டில இருந்தும்."

அவர் கொப்பியை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறதில எனக்கு ஒண்ணுமில்ல புள்ள. வேனுக்கு ஆளு கெடைக்குதுன்னா சந்தோசந்தான். ஆனா இந்த சீலையோட, இந்த அடுப்போட என்னய போட்டிருக்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நல்ல சீலை கட்டிட்டு நின்னிருப்பேனே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்து ஏதாவது பேசியிருப்பேன் என்று நினைக்கிறேன். மறுநாள் காலை கடைக்குப் போனதும் முதல் வேலையாகப் போட்டோவை எடுத்தேன். அந்த வரியையும் எடுத்தேன். ஏற்கெனவே கேட்டு எழுதியிருந்த நான்கு பேருக்கு, வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டோம் என்று எழுதினேன். இரண்டு பேர் வேனையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

என் கணவருக்கு வருத்தம். கம்பனியிடம் இல்லாதது எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது, அதையும் எடுத்துவிட்டாயே என்றார். வேண்டுமென்றால் அத்தையை நல்ல சேலை கட்டச் சொல்லி வேறு போட்டோ போடலாம் என்றார். நான் முடியாது என்றேன். இரண்டு மூன்று நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு மாலையில் அவர் தானாகவே சொன்னார், லொறி ஓட்டிய காலத்தில் சாவடியில் மூட்டைகளைக் கிண்டிப் பார்க்கும்போது தான் ரோட்டோரத்தில் நின்ற மாதிரி அத்தை அன்றைக்கு இஸ்தோப்பில் நின்றார் என்று. அதை அவர் வேனில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறார்.

ஆட்கள் குறைந்தார்கள். வேறு எதையாவது யோசிக்க வேண்டியிருந்தது. தேடித் தேடிப் பார்த்ததில், பக்கத்துக்கு வருகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பது புரிந்தது. அதில் மறுபடி பார்க்க ஒன்றும் இல்லை. எங்களிடம் தினமும் மாறுகிற விஷயம் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். பனியும் ரயிலும்தான் இருந்தன.

அதிலிருந்து தினமும் காலையில் என் கணவர் நானுஓயாவிலிருந்து கடைக்கு ஒரு கோல் எடுப்பார். மலை தெரிகிறதா, மழையா, றோட்டில் மண் சரிந்திருக்கிறதா என்று சொல்லுவார். முதல் நாள் ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்பது எனக்கே தெரியும். இரண்டையும் சேர்த்து மூன்று வரி எழுதிப் பக்கத்தின் தலையில் போடுவேன். இன்று பத்து மணி வரை பனி, பிறகு வெயில் வரலாம். நேற்றைய ரயில் ஐம்பது நிமிடம் தாமதம். நுவரெலியா றோட்டில் ஒரு லொறி கவிழ்ந்து கிடக்கிறது, காத்திருக்கவும். கம்பனியின் பக்கத்தில் வருடம் முழுக்க வெயில்தான். அவர்களால் பனி என்று எழுத முடியாது. கொழும்பில் இருந்த யாருக்கும் நானுஓயாவில் காலை எப்படியிருக்கிறது என்று தெரியவும் தெரியாது.

அந்தத் தளத்தில் யாராவது நானுஓயா பற்றிக் கேட்டால், நான் சொல்லாமலே வேறு யாராவது எங்கள் பக்கத்தைக் காட்டத் தொடங்கினார்கள். ரயில் பிந்துகிறது என்று எழுதியதற்காக என்னை யாரும் குறை சொல்லவில்லை. பிந்தியும் வேன் நிற்கும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. வாசலில் நின்ற எட்டு வேன்களுக்கும் முறைவைத்து ஆட்களைக் கொடுக்கும் அளவுக்கு ஈமெயில் வந்தது. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்து, இண்டைக்குப் பனியோ வெயிலோ என்று கேட்டுவிட்டுப் போவார்.

பிறகு அந்த மார்கழி வந்தது, கடல் வந்த மார்கழி. ஞாயிறு மத்தியானம் ரேடியோவில்தான் கேட்டோம். எங்களுக்கு மழைகூட இல்லை. திங்கள் காலை கடையைத் திறந்து ஈமெயிலைப் பார்த்தபோது பெட்டி நிறைந்திருந்தது. வேனில் வந்துபோனவர்கள். உயிரோடு இருக்கிறீர்களா என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்கள். இலங்கைப் படத்தை விரித்துப் பார்க்க யாருக்கும் நேரமிருந்திருக்காது. அந்த வயதான தம்பதி, எங்களுக்குத் தேநீர் தந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தார்கள். சாயந்தரம் தோட்டத்துக்குப் போய் அம்மாவுக்கு அதைத் தமிழில் வாசித்தேன்.

"நல்லாருக்கேன்னு எழுது. அவங்க ஊர்ல அவங்க புள்ளைங்க எல்லாம் நல்லாருக்காங்களான்னு கேளு" என்றார்.

எல்லோருக்கும் தனித்தனியாக எழுதினேன். இரண்டு காலை பிடித்தது. அந்த வாரமே கம்பனி தன் பக்கத்தில், மலைநாட்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, பயமில்லாமல் வரலாம் என்று பெரிய எழுத்தில் போட்டது. பொய்யில்லை. நாமும் அப்படிப் போடவேண்டும், இல்லாவிட்டால் வாசலில் ஈதான் ஓட்டுவோம் என்று வேன்காரர்கள் என் கணவரிடம் சொல்லியனுப்பினார்கள். நான் எழுதவும் உட்கார்ந்தேன். அப்போது டீச்சர் கடைக்கு வந்தார். முல்லைத்தீவில் இருந்த அவருடைய சித்தியின் குடும்பத்தில் இரண்டு பேர் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். லீவு எடுத்து ஊருக்குப் போகப் பஸ் விசாரிக்க வந்திருந்தார். திரையில் நான் பாதி எழுதியிருந்ததை வாசித்தார்.

"இப்ப எழுதாதேங்கோ. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

அழித்துவிட்டேன். ஒரு மாதம் பக்கத்தைத் தொடவில்லை. வேன்காரர்களில் இருவர் அந்த மாதம் மட்டும் மரக்கறி ஏற்றப் போனார்கள். மாசியில் மறுபடி பனியையும் ரயிலையும் மட்டும் எழுதத் தொடங்கினேன். வரலாம் என்றோ வரவேண்டாம் என்றோ எழுதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள்.

அடுத்த வருடம் சண்டை மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை கம்பனிக்கும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நானுஓயாவில் நிறுத்தியிருந்த தன் வேன்களைக் கொழும்புக்கு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அதன் மேனேஜர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து சிங்களத்தில் பேசினார். நல்ல மனிதர். வருகிற கொஞ்ச ஆட்களை என் கணவரின் வேனிலேயே ஏற்றுகிறோம், மாதச் சம்பளம் மாதிரிக் கொடுக்கிறோம் என்றார். அந்தப் பக்கத்தை எழுதுவது யார் என்று கேட்டார். நான் தேத்தண்ணி கொண்டுவந்தபோது, இவர்தான் என்று என் கணவர் சொன்னார். மேனேஜர் எழுந்து நின்றார். தினமும் அதை வாசித்துவிட்டுத்தான் கொழும்பு ஒபீசில் ஆட்களுக்குக் குளிருடுப்புக் கொண்டுபோகச் சொல்வதாகச் சொன்னார். பிறகு, அந்தப் பக்கத்தின் தலையில் கம்பனியின் பெயரைப் போட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார்.

அவர் போனபிறகு சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது என் கணவர் சொன்னார்.

"வேன் என்னோடது, நான் குடுக்கிறேன். பக்கம் ஒன்னோடது. அத நீ குடுக்காத. மத்த ஏழு பேருக்கும் அது ஒண்ணுதான் இருக்கு."

அப்படியே நடந்தது. மேனேஜரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இரண்டரை வருடம் என் கணவர் கம்பனிக்காக ஓட்டினார், நான் மற்ற ஏழு வேன்களுக்காக எழுதினேன். காலையில் எங்கள் வீட்டிலிருந்து புறப்படும் வேனுக்கு எதிராகத்தான் நான் கடையில் உட்கார்ந்து ஆள் பிடித்தேன் என்று சொல்லலாம். கோல் எடுத்துப் பனி எப்படி என்று சொல்வதை அவர் நிறுத்தவே இல்லை.

சண்டை முடிந்ததும் கம்பனி புதிய வேன்களைக் கொண்டுவந்தது. அவரிடம் யாரும் வந்து சொல்லவில்லை. ஒரு நாள் ஸ்டேசனில் அவை நின்றன, அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் தலவாக்கலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேலைக்கு மாறினார். மத்தியானம் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், அது தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். டீச்சர் மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டார். பனியைச் சொல்ல வேறொரு வேன்காரர் கோல் எடுத்தார்.

பக்கம் நின்றுபோனது எங்களால் இல்லை. சும்மா இடம் கொடுத்துவந்த அந்த அமெரிக்கக் கம்பனியே அந்த வேலையை மூடிவிட்டது. இத்தனையாம் திகதியோடு எல்லாப் பக்கங்களும் அழியும் என்று ஒரு ஈமெயில் வந்தது. அதற்குள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆளுக்கொரு பக்கம் வந்துவிட்டது, சின்ன விடுதிகள்கூட வைத்திருந்தன. வேன்காரர்களிடம் கேட்டேன். அவர்களில் மூன்று பேருடைய பிள்ளைகள் ஏற்கெனவே வேறு இடத்தில் அவர்களுக்கென்று தொடங்கிக் கொடுத்திருந்தார்கள். அதனால் நான் புதிதாக எதையும் தொடங்கவில்லை. கடைசி நாள் வழக்கம்போல மூன்று வரி எழுதினேன்.

அந்த வாரம் ஒரே ஒரு ஈமெயில் வந்தது. எனக்குத் தெரியாத ஒருவர், கனடாவிலிருந்து. பனியைப் பற்றிய வரிகள் எங்கே போயின என்று கேட்டிருந்தார். எப்போது வருகிறீர்கள், வேன் வேண்டுமென்றால் ஆள் சொல்கிறேன் என்று பதில் எழுதினேன். தான் இலங்கைக்கு வந்ததே இல்லை, இனி வரப்போவதும் இல்லை, முழங்கால் இரண்டும் சரியில்லை என்று எழுதினார். நான்கு வருடமாகத் தினமும் காலையில் ரயில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அந்த வருடம் முடியும் வரை அவருக்கு மட்டும் எழுதி அனுப்பினேன். கடை வேலை கூடிய நாட்களில் ஒரு வரிதான் எழுத முடிந்தது. அவர் எல்லாவற்றுக்கும் நன்றி என்று ஒரு சொல் பதில் போட்டார். தை மாதம் நான் பிள்ளைப்பேற்றுக்காகக் கடையை விட்டு நின்றேன். நின்றுவிட்டேன் என்று அவருக்கு எழுதினேன். பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லி எழுதியிருந்தார்.